சேலஞ்ச் ரேட்டிங்: வலுவெண்ணா, அறைகூவல் எண்ணா?

வீரர்களின் வேடமேற்றுப் பகடை உருட்டி ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் ஓர் எதிரி எவ்வளவு கடுமையானது என்பதைக் குறிக்கும் எண்ணே 'சேலஞ்ச் ரேட்டிங்'. 2000-இல் வெளியான மூன்றாம் பதிப்பில் இது அறிமுகமாயிற்று. 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓய்வெடுத்து உரிய கருவிகளுடன் வரும் நான்கு பேர் கொண்ட அணி, தன் லெவலுக்கு, அதாவது வீரர்கள் எட்டியுள்ள வளர்ச்சிப் படிக்கு, இணையான எண்ணுடைய எதிரியை உயிரிழப்பின்றி வெல்ல வேண்டும். இதைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதே கேள்வி.

'சேலஞ்ச்' என்பதன் வேர், பொய்க் குற்றச்சாட்டு என்று பொருள்படும் 'கலும்னியா' என்னும் லத்தீன் சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அது, குற்றஞ்சாட்டுதல், உரிமை கோருதல், போருக்கு அழைத்தல் என்று பொருள் மாறி, இன்று திறமையைச் சோதிக்கும் கடினமான காரியத்தைக் குறிக்கிறது. நாம் அதற்கு ஈடாக வழங்கும் 'சவால்', கேள்வி என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து உருது வழியாக வந்தது. தமிழ்ச்சொல் 'அறைகூவல்'. திருவாசகத்தில் 'அறைகூவி ஆட்கொண்டருளி' என வருமிடத்தில் வலிய அழைத்தல் என்ற பொருளே நிற்கிறது. போருக்கு வலிய அழைத்தல் என்பது அகராதிகள் தரும் பொருள்.

அப்படியானால் 'அறைகூவல் எண்' என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் உயர் லெவல் ஆட்டங்களில் அந்தப் பெயர் பொருந்துவதில்லை. வளர்ந்த சிவப்பு டிராகனின் எண் 17. அதன் எதிரே பதினேழாம் லெவல் வீரர்கள் நால்வர் நிற்கிறார்கள் என்று கொள்வோம். மந்திரம் போன்றவற்றின் தீங்கிலிருந்து தப்ப உருட்டும் பகடையான சேவிங் த்ரோவில் தோற்றாலும் வென்றதாக மாற்றிக்கொள்ளும் ஆற்றல் டிராகனுக்கு ஒரு நாளில் மூன்று முறை உண்டு. பிறர் முறை முடிந்ததும் இடையில் புகுந்து தாக்கவும் அதனால் இயலும். ஆனால் 2014 விதிகளில், பதின்மூன்றாம் லெவலிலேயே மந்திரவாதிக்குக் கைகூடும் 'ஃபோர்ஸ்கேஜ்' மந்திரம் சேவிங் த்ரோவே கேட்காமல் ஒரு மணி நேரத்துக்குக் கூண்டு போட்டுவிடும். அந்த மூன்று காப்புகளும் அங்கே பயனற்றுப் போகின்றன. டிராகனின் நெருப்பு கம்பிகளின் வழியே வெளியே வரலாம். ஆனால் வீரர்கள் எட்டத்தில் நின்று தாக்க, அதற்குப் பறந்து தப்பவோ நெருங்கவோ வழியில்லை. எண் 17 என்பது மாறவில்லை, ஆனால் அங்கே அறைகூவல் என்று எதுவும் மிஞ்சவில்லை.

ஆகவே எதிரியின் உடல்வலு, தாக்குதல், காப்பு ஆகியவற்றை அளக்கும் இந்த எண்ணை 'வலுவெண்' என்று அழைப்பதே சரி என்பது என் துணிபு. 'அறைகூவல்' என்பதை ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் அமைக்கும் முழுச் சூழலுக்கு ஒதுக்கிவிடலாம். டிராகன் ஒருபுறம் எரிக்க, மறுபுறம் சடங்கு முடியுமுன் கைதிகளை மீட்க வேண்டியிருப்பதும், ஓய்வுக்கு இடமின்றி அடுத்தடுத்துச் சண்டைகள் வந்து மந்திரங்கள் தீர்ந்துபோவதும், மூன்று திசைகளிலிருந்து வரும் சிறு எதிரிகள் தனித்தனி முறை பெறுவதும் அவ்வகையின. இவற்றில் எதையும் வலுவெண் காட்டாது.