வீகன்: 'சைவம்' நின்றுவிடும் இடம்

வீட்டுக்கு நாலைந்து பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவர், "நான் வீகன், உங்களுக்குச் சிரமம் இல்லையே?" என்று கேட்கிறார். "அதற்கென்ன, எல்லாமே சைவம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறீர்கள். அன்பான பதில்தான். ஆனால் கேட்டவருக்கு அது பதில் ஆகாது.

நானும் அதையே சொன்னவள். அன்று நான் சமைத்ததில் இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டைகூட இல்லை. ஆனால் காய்களை வெண்ணெயில் வதக்கியிருந்தேன். சூப்பில் க்ரீம் கலந்திருந்தேன். ரொட்டியிலும் வெண்ணெய், இனிப்பில் பால். வந்த தோழி ஒவ்வொரு பாத்திரமாகக் காட்டிக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் "இருக்கிறது" என்றே சொல்ல வேண்டியிருந்தது. நறுக்கிய பழத்தையும் வறுத்த கடலையையும் மட்டும் எடுத்துக்கொண்டு சிரித்த முகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பல நாள் உறுத்தியது. முன்கூட்டியே ஒரே சொல்லில் தெளிவாகச் சொல்லியிருந்தாள். பால் உட்பட, விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாதவர் என்பதே அந்தச் சொல்லின் பொருள். அது எதைக் குறிக்கிறது என்று நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

'வீகன்' என்ற சொல்லுக்குப் பிறந்த ஆண்டு உண்டு: 1944. இங்கிலாந்தில் 1847 முதலே வெஜிடேரியன் சங்கம் இயங்கிவந்தது. இறைச்சியை விட்டவர்கள் அதில் இருந்தார்கள். பாலையும் முட்டையையும் விட்டவர்கள் அவர்களுக்குள் சிறுபான்மை. தங்களுக்குச் சங்க இதழில் தனிப்பகுதி வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது கிடைக்கவில்லை. மரவேலை கற்பிக்கும் ஆசிரியராக இருந்த டொனால்ட் வாட்சன் 1944 நவம்பரில் இன்னும் ஐந்து பேருடன் கூடிப் புதிய சங்கம் தொடங்கினார். பசு பால் தர வேண்டுமானால் கன்று ஈன வேண்டும். பால் தராத ஆண்கன்று கொல்லப்படும். பாலையும் இறைச்சியையும் தனித்தனியே பார்க்க முடியாது என்பதே அவர்களுடைய வாதம். சங்கத்துக்குப் பெயர் தேடியபோது 'டெய்ரிபான்', 'வைட்டன்', 'பெனவோர்' என்றெல்லாம் யோசனைகள் வந்தன. கடைசியில் நின்றது 'வீகன்'. 'வெஜிடேரியன்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் முதல் மூன்றையும் கடைசி இரண்டையும் சேர்த்தால் வருவது அது. வெஜிடேரியன் கொள்கையைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு அதன் முடிவுவரை போவது என்று வாட்சனே இதற்கு விளக்கம் சொன்னார். நடுவிலிருந்த எழுத்துகளை எடுத்துவிட்டுப் பொருளை நீளச் செய்த சொல் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு.

தமிழில் இதைச் சிலர் 'வேகன்' என்று எழுதுகிறார்கள். ரயிலின் சரக்குப் பெட்டிக்கு ஏற்கெனவே அந்த எழுத்து இருக்கிறது. உச்சரிப்பின்படியும் 'வீகன்' என்பதே சரி.

இனி தமிழுக்கு வருவோம். 'சைவம்' சமயத்தின் பெயர், சிவத்திலிருந்து வந்தது. அந்தச் சமயத்தார் பலர் புலால் உண்ணாதவர்களாக இருந்ததால் அவர்களுடைய உணவுக்கும் அப்பெயர் ஏறியது. பிறகு 'அ' சேர்ந்து 'அசைவம்' வந்தது. சமயத்தோடு தொடர்பில்லாதவரும் இன்று இவ்விரு சொற்களையும் உணவுக்குத் தயங்காமல் சொல்கிறோம். ஆனால் இந்தச் சைவம் போட்ட கோடு புலாலோடு முடிகிறது. பாலும் தயிரும் நெய்யும் கோட்டுக்கு இந்தப் பக்கம், சைவத்துக்குள்ளேயே இருக்கின்றன. தமிழ் மரபில் இது நெடுங்காலமாக இப்படித்தான். புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரம் வைத்த திருக்குறள், காதலியின் வாயூறும் நீருக்குப் பாலும் தேனும் கலந்த சுவையை உவமை சொல்கிறது. புலாலை மறுப்பதும் பாலைக் கொண்டாடுவதும் அந்த நூலில் முரண் இல்லை. வீகனுக்கோ பாலும் ஆகாது, தேனும் ஆகாது.

'சுத்த சைவம்' என்று சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. முட்டை இல்லை என்பதற்கு அதைச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். நெய் சொட்டும் இனிப்புக்கும் அது பொருந்தும். 'மரக்கறி உணவு' நல்ல தமிழ், இலங்கைத் தமிழர் நாவில் இன்றும் வாழ்கிறது. ஆனால் அதுவும் சைவத்தின் இடத்தில்தான் நிற்கிறது. 'பால் மறுப்பு' பாலோடு முடிந்துவிடும். முட்டையும் தேனும் வெளியே நிற்கும்.

இணையத் தமிழில் ஊன்றிவரும் சொல் 'நனிசைவம்'. தமிழ் விக்கிப்பீடியாவும் இந்தப் பெயரையே வைத்திருக்கிறது. 'நனி' உரிச்சொல். உறு, தவ, நனி மூன்றும் மிகுதிப் பொருளைத் தரும் என்பது தொல்காப்பிய உரியியல். இன்று பாராட்டும்போது சிலர் 'நனிநன்று' என்கிறார்களே, அதே நனி. சைவத்தைவிட ஒரு படி மிகுந்தது நனிசைவம். அதைக் கடைப்பிடிப்பவர் நனிசைவர். 'நனி'க்குப் பின் வல்லின ஒற்று மிகாது என்பதால் 'நனிச்சைவம்' என்று எழுத வேண்டாம்.

இந்தச் சொல்லை நான் விரும்புகிறேன். வாட்சனின் சொல் செய்ததையே இதுவும் செய்கிறது: பழைய சொல்லைத் தூக்கி எறியாமல், அதை அதன் முடிவுவரை நடத்திக்கொண்டு போகிறது. ஒரு தயக்கமும் உண்டு. உள்ளே சமயப் பெயர் இருக்கிறது. அது பிடிக்காதவர்கள் 'தாவர உணவு' என்கிறார்கள். தட்டில் இருப்பதைச் சொல்ல அது மிகத் தெளிவான பெயர். ஆளைச் சொல்லத்தான் போதவில்லை. வீகனாக இருப்பவர் தோல் செருப்பையும் கம்பளியையும் பட்டுத்துணியையும்கூட விலக்குவார்; இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை விலங்குகளைப் பயன்படுத்தாமல் வாழ்வது என்றுதான் வாட்சன் தொடங்கிய சங்கத்தின் வரையறையே சொல்கிறது. உடல்நலத்துக்காகத் தாவர உணவு மட்டும் சாப்பிட்டுக்கொண்டு, தோல் பை வைத்திருப்பவரும் இருக்கிறார். ஆகவே நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: கொள்கை நனிசைவம், ஆள் நனிசைவர், பாத்திரத்தில் இருப்பது தாவர உணவு.

சமையலறையில் வேறொரு குழப்பம் காத்திருக்கிறது. அதுவும் சொல்லால் வருவதே. 'நெய்' என்றதும் பாலில் எடுத்த நெய் நினைவுக்கு வருகிறது. ஆனால் எள்ளின் நெய்தான் எண்ணெய்: எள் + நெய். அந்தப் பெயர் பரவிப் பரவி எந்த வித்தில் எடுத்தாலும் எண்ணெய் என்றாகிவிட்டது. செடியிலிருந்து நெய் எடுப்பது நம் மொழிக்குப் புதிதில்லை. பாலும் அப்படித்தான், கள்ளிப்பால், எருக்கம்பால், தேங்காய்ப்பால் என்று செடிகொடியின் வெண்சாறுகளுக்கெல்லாம் நாம் அந்தப் பெயரைத்தான் வைத்தோம். ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல், தாவரப் பொருள்களை 'பால்', 'வெண்ணெய்', 'சீஸ்' என்ற பெயர்களில் விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பழகிப்போன சில பெயர்களுக்கு மட்டும் விலக்கு. அவற்றில் தேங்காய்ப்பாலும் ஒன்று. தமிழில் அந்த வழக்கே எழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்தத் தாராளமே ஓரிடத்தில் கவிழ்த்துவிடும். 'பாதாம் பால்' என்று தமிழில் சொன்னால், பாதாம் அரைத்துப் போட்ட மாட்டுப்பால் என்பதே பலர் மனத்தில் வரும். நனிசைவர் சொல்லும் பாதாம் பால், பருப்பை ஊறவைத்து அரைத்துப் பிழிந்தது. மாட்டுப்பால் ஒரு சொட்டும் சேராதது. ஒரே பெயர், நேர் எதிரான இரண்டு பொருள்கள். வீட்டில் இதைப் பரிமாறினால் 'பாதாமிலிருந்து பிழிந்த பால்' என்று நீட்டியே சொல்லுங்கள்.

வெளிப்படையாகத் தெரியும் பாலையும் முட்டையையும் எவரும் தவிர்த்துவிடுவார்கள். ஒளிந்திருப்பவைதான் தொல்லை. ஜெல்லியிலும் மார்ஷ்மெல்லோவிலும் இருக்கும் ஜெலட்டின், விலங்கின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. ரொட்டியின் மேல்மினுக்குக்கு முட்டை தடவுவது உண்டு. சூப் கட்டியில் கோழிச்சாறு, சில சாஸ்களில் மீன். மார்கரின் தாவர எண்ணெய்தானே என்று எடுத்தால், சிலவற்றில் வே பவுடர் இருக்கும். பால் திரிந்ததும் வடியும் தெளிநீரை உலர்த்தியது அது. 'கேசீன்' என்று போட்டிருந்தால் பாலின் புரதம். 'கார்மைன்' என்ற சிவப்பு நிறமி ஒருவகைப் பூச்சியிலிருந்து வருகிறது. சில ஒயின்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையில் எடுத்த பசையைச் சேர்க்கிறார்கள். இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பொட்டலத்தின் பின்புறத்தை ஒருமுறை படித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

படிக்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 'பால் கலந்திருக்கக்கூடும்' என்று தனியாக அச்சிட்டிருப்பது ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை. அதே ஆலையில் பாலும் கையாளப்படுகிறது என்பதைச் சொல்வது அது; பால் அந்தப் பண்டத்தின் சேர்பொருள் என்று அதற்குப் பொருள் இல்லை. பல நனிசைவர்கள் அதைச் சாப்பிடுவார்கள். பால் ஒவ்வாமை உள்ளவருக்கோ அது ஆபத்து. 'வீகன்' என்று அச்சிட்ட பொருளிலும் இத்தகைய எச்சரிக்கை இருக்கலாம். இருவரையும் ஒரே வகையில் சேர்த்துவிடாதீர்கள்.

சமைப்பதற்கு நான் கண்ட எளிய வழி, எல்லாவற்றையும் எண்ணெயில், பால் சேர்க்காமல் செய்துவிட்டு, வெண்ணெய், க்ரீம், சீஸ், தயிர் ஆகியவற்றை மேசையில் தனித்தனிக் கிண்ணங்களில் வைப்பது. வேண்டியவர் போட்டுக்கொள்வார். போட்டதை எடுக்க முடியாது, போடாததை எப்போதும் போட்டுக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் ஒருவருக்கென்று மூலையில் தனிப்பாத்திரம் வைக்கும் நிலையும் வராது. தனிப்பாத்திரம் மரியாதைபோலத் தோன்றினாலும், வந்தவரைக் கூட்டத்திலிருந்து பிரித்து உட்காரவைக்கிறது. கிண்ணத்துக்கு ஒரு கரண்டி கட்டாயம். வெண்ணெய் தொட்ட கரண்டி காய்க்குள் போனால் உழைப்பு வீண். பயறு, பட்டாணி, கொட்டை வகைகளில் ஒன்றாவது வயிறு நிறையும் அளவுக்கு இருக்கட்டும். இலைதழை மட்டும் தின்று எவருக்கும் பசி ஆறாது. கேக் செய்ய ஆசையென்றால், கொண்டைக்கடலை வேகவைத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். மூன்று மேசைக்கரண்டி நீர் ஒரு முட்டைக்கு ஈடு. அடித்தால் முட்டை வெள்ளைக்கருபோலவே நுரைத்து நிற்கும். 2015 முதல் இதற்கு 'அக்வாஃபாபா' என்ற பெயர் வழங்குகிறது. லத்தீனில் நீர், அவரை என்னும் இரண்டு சொற்களின் கூட்டு அது. நமக்குக் 'கடலைநீர்' என்றாலே போதும்.

கிண்ணங்களுக்கு முன்னால் சிறு அட்டை வைப்பதானால் அதில் என்ன எழுதுவது? 'நனிசைவம்' என்று எழுதினால் தெரிந்தவருக்கு மட்டும் தெரியும். 'வீகன்' என்றால் என்னைப்போல அரைகுறையாகப் புரிந்துகொள்பவர் இருப்பார். நான் இப்போது 'பால், முட்டை, தேன் இல்லை' என்றே எழுதுகிறேன். கூப்பிடும்போது கேட்பதும் அதுவே: "பால், முட்டை, தேன் மூன்றும் வேண்டாம்தானே? வேறு ஏதாவது உண்டா?" தேனைப் பற்றி நனிசைவர்களுக்குள்ளேயே எல்லோரும் ஒன்றுபோல இருப்பதில்லை, சிலர் சாப்பிடுவார்கள். அதை நாம் ஊகிப்பதைவிட அவரே சொல்வது நல்லது. என் தோழி அடுத்தமுறை வந்தபோது இதைத்தான் கேட்டேன். "தேன் வேண்டாம். சர்க்கரை போதும்" என்றாள்.