செங்கல் வரிசையைத் தூக்கும் வேர்

மரத்தடியில் பூச்செடிப் பாத்தி போட்டு, அதைச் சுற்றிச் செங்கல் பதித்தவர்களுக்குப் பழகிய தொல்லை இது. சில ஆண்டுகளில் வரிசை குலையும். ஒரு கல் மேலெழும்பும், அடுத்தது சாயும், இடையில் பூசிய சிமென்ட் வெடிக்கும். வேர் முட்டித் தள்ளிவிட்டது என்று கோபத்தோடு அரிவாளை எடுக்கிறோம். அதற்கு முன் அந்தக் கல்லைப் பெயர்த்துப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

கல்லின் அடிப்புறத்தில் மயிரிழை வேர்கள் பின்னிக்கொண்டு ஒட்டியிருக்கும். கீழே மணலில், விரல் தடிமனில் ஒரு வேர் வரிசையை ஒட்டியே ஓடியிருக்கும். கல் அழுத்திய இடத்தில் அதன் முதுகு தட்டையாகியிருப்பதும் உண்டு.

வேர் ஏன் அங்கே வந்தது? குல்மோஹரோ புங்கையோ, மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேலே இரண்டு மூன்று அடி மண்ணுக்குள்தான் பரவுகிறது. வேரும் சுவாசிக்கிறது; ஆழம் கூடக் கூட ஆக்சிஜன் குறைகிறது. கெட்டி மண்ணில் முட்டும் வேர்நுனி, இளகிய இடம் தேடித் திரும்பும். அந்த இடத்தை நாமே அமைத்துக் கொடுக்கிறோம். கல்லுக்கடியில் விரித்த மணலின் இடுக்குகளில் காற்று இருக்கிறது. மேலே கல் மூடியிருப்பதால் ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. இரவில் கல் குளிரும்போது, மண்ணிலிருந்து எழும் நீராவி அதன் அடியில் துளியாகப் படிகிறது. வேருக்கு வேண்டிய இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

நூல் தடிமனில் நுழையும்போது எந்தக் கல்லும் அசைவதில்லை. பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள கேம்பியம் என்ற திசு புதிய செல்களைப் பெருக்கி வேரைத் தடிக்கச் செய்யும்போதுதான் கல் எழும்புகிறது. அந்தச் செல்கள் நீரை உறிஞ்சி விறைப்பதால், வளரும் வேர் வளிமண்டல அழுத்தத்தைப் போல 5 முதல் 10 மடங்கு வரை அழுத்தம் தர முடியும். கார் டயருக்குள் இருப்பது ஏறக்குறைய 2 மடங்குதான். கீழே கெட்டி மண், மேலே மூன்று கிலோ செங்கல். எது விலகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெட்டுவதில் இரண்டு கேடுகள். அறுபட்ட இடத்துக்குச் சற்றுப் பின்னிருந்து பல புது வேர்கள் கிளைத்து, அதே மணலுக்குள் திரும்ப வரும். அதைவிடப் பெரிய கேடு, மரத்தின் பிடிப்பு போவது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்கள், ஒரு பக்கம் வேரிழந்த மரத்தை வீட்டருகே வைத்திருக்கத் துணியக்கூடாது. 2.5 செ.மீ.க்கும் மெல்லிய வேரை, கூரிய கத்தரியால் நறுக்கலாம். 5 செ.மீ.க்கு மேல் தடித்ததைத் தொடவே வேண்டாம். அடிமரத்தின் விட்டம் 40 செ.மீ. என்றால், அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 120 செ.மீ. தூரத்துக்குள் எதையும் வெட்டாதீர்கள்.

மாற்ற வேண்டியது மணலை. அதை அள்ளிவிட்டுத் தூசியில்லாத பெருஜல்லியை அரையடிக்கு நிரப்பினால், பெரிய இடைவெளிகளில் ஈரம் தங்காது. வேர் அதற்குக் கீழுள்ள மண்ணையே நாடும். பிறகு தடித்தாலும் ஜல்லி அழுத்தத்தைப் பரவலாக வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே தடித்த வேர் குறுக்கே கிடந்தால், வரிசையை வளைத்துக் கொண்டுபோங்கள். அல்லது இருபக்கமும் கல் முட்டுக்கொடுத்து, வேருக்கு மேலே இடைவெளி விட்டு ஒரு பலகைக்கல்லைப் பாலமாக வையுங்கள். சிமென்ட் பூச வேண்டாம். பூசாத கல்லை எடுத்து மறுபடி மட்டம் பார்த்து வைத்துவிடலாம்.

மண்ணில் செங்குத்தாகப் புதைக்கும் பிளாஸ்டிக் தடுப்பு இளம் மரத்துக்கு ஓரளவு உதவும். ஆனால் தடுப்புக்குக் கீழே இறங்கிய வேர், அதைத் தாண்டியதும் காற்றைத் தேடி மேலே ஏறிவிடும்.

புதிதாகப் பாத்தி அமைப்பவர்கள் அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டரையாவது திறந்த மண்ணாக விட்டுவிடலாம். டெல்லியில் மரங்களைச் சுற்றி அந்த அளவுக்கு கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டிருக்கிறது. வெளியே தெரியும் வேரை மறைக்க அங்கே மண்ணைக் கொட்டி மேடாக்காதீர்கள், வேருக்கு மூச்சு முட்டும். இரண்டு அங்குலச் சருகு போதும், அதுவும் அடிமரப் பட்டையைத் தொடாமல்.