ஓவன் சூடாகேல்லையோ, முதல்ல பிளக்கைப் பாருங்கோ

ஓவன் திருத்திற ஆள் நான், டிசம்பர் வந்தா என்ட போனுக்கு ஓய்வே இல்ல. வருசம் முழுக்க துணி போட்டு மூடி வச்ச ஓவனை கிறிஸ்மஸ் கேக்குக்கெண்டு எடுப்பினம், சிலதில லைட் எரியும் ஃபேன் சுத்தும் சூடு மட்டும் வராது, சிலது முழுசாவே செத்துக் கிடக்கும். கொழும்புப் பக்கம் கொட்டாஞ்சேனையில இருந்து தெஹிவளை மட்டும் இதே கதைதான்.

போன டிசம்பர் வெள்ளவத்தையில ஒரு அக்கா கூப்பிட்டவா. கேக் கலவையைத் தட்டில ஊத்திட்டா, "தம்பி ஓவன் பழுதாப் போயிட்டுது" எண்டு அழாத குறை. போனா குசினிக்குள்ள ஒரு மீன் நாத்தம். "மூண்டு நாளா மணக்குது, குப்பை வாளியையும் கழுவிட்டன், போகுதில்ல" எண்டா. எனக்கு அப்பவே விளங்கிட்டுது. மெயினை ஓஃப் பண்ணிட்டு பிளக்கை இழுத்தா வரேல்ல, ஆட்டி ஆட்டித்தான் கழண்டுது. ஒரு ஊசி கறுத்துப்போய், பிளக்கைக் குத்திற சுவர்ப் பேஸின்ட பிளாஸ்டிக் கருகின பாண் தோல் மாதிரி பொரிஞ்சிருந்தது. பின்னால வயரைப் பிடிக்கிற ஸ்க்ரூ லூஸ், அந்தச் சூட்டில பிளக்குக்குள்ள இருந்த 13 அம்பியர் பியூஸும் போயிட்டுது. ஓவனில ஒரு பிழையும் இல்ல. அந்த மீன் நாத்தம் பிளாஸ்டிக் வேகிற நாத்தம், இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நெருப்பே பிடிச்சிருக்கும்.

2000 வாட் ஓவன் ஒண்டு 230 வோல்ட்டில கிட்டத்தட்ட 8.7 அம்பியர் இழுக்கும், அதுவும் கேக் வேகிற ஒரு மணித்தியாலமும் விட்டு விட்டு. போன் சார்ஜர் போடேக்க ஸ்க்ரூ லூஸெண்டு ஆருக்கும் தெரியாது, ஓவன் போட்டாத்தான் தெரியும். பழைய வீடுகளில இருக்கிற 5 அம்பியர் வட்டப் பேஸில அடப்டர் குத்தி ஓவனைப் போடுறதை தயவுசெய்து விடுங்கோ, மல்டி பிளக்கும் வேண்டாம்.

பிளக் சரியெண்டா டைமரைப் பாருங்கோ. மேசை ஓவனில டைமர் பூச்சியத்தில இருந்தா சூடு வராது. சுவரோட பொருத்தின ஓவனில கரண்ட் போய் வந்தா மணிக்கூடு மினுங்கிக்கொண்டு நிக்கும், நேரத்தை செட் பண்ணும் வரைக்கும் சில மொடல் சூடாகாது. 2022ல மணித்தியாலக் கணக்கில கரண்ட் வெட்டின காலம் இதுக்காகவே எத்தினை வீட்டுக்கு ஓடியிருப்பன், ஒரு பட்டனை அமத்திட்டு காசு வாங்க மனமில்லாம திரும்பினனான். கேக் மேல சிவந்து கீழ மாவா இருந்தா கீழ் எலிமென்ட், அதான் சூடாகிற குழாய், போயிருக்கும், இல்லாட்டி மேல் சூடு கீழ் சூடு மாத்திற திருகி மேல் சூட்டில மட்டும் நிக்குதோ எண்டு பாருங்கோ. பின்னேரத்தில வோல்டேஜ் 190க்கு இறங்கினா 2000 வாட் ஓவன் 1400 கூடத் தராது, அது பழுதில்ல.

ஓவன் போட்டவுடன ட்ரிப் சுவிட்ச், அதான் கரண்ட் கசிஞ்சா தானா வெட்டிற சுவிட்ச், விழுந்தா கவனம். எலிமென்ட் குழாய்க்குள்ள இருக்கிற மக்னீசியம் ஒக்சைட் தூள் ஈரத்தை இழுக்கும், கொழும்புக் கடல் காத்துக்கு மாசக்கணக்கில சும்மா கிடந்தா கரண்ட் ஓவன்ட வெளித் தகரத்துக்குக் கசியும். இதுக்கு, கசியிற கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோற எர்த் வயரை வெட்டிவிட்டு "இப்ப விழாது" எண்டு குடுத்திட்டுப் போன வேலையை நான் பம்பலப்பிட்டியில கண்டனான். ஈரக்கையோட கதவைத் திறக்கிறவைக்கு உயிர் போகிற வேலை அது. அதேமாதிரி பின்னால இருக்கிற, சூடு மிஞ்சினா கரண்டை வெட்டிற தெர்மல் கட்அவுட்டை நேர வயரால ஷோர்ட் பண்ணிவிடுற ஆக்களும் இருக்கினம், சூட்டை அளவா வச்சிருக்கிற தெர்மோஸ்டாட் சிக்கினா பிறகு அந்த ஓவனை நிப்பாட்ட ஒண்டுமே இல்ல. ரிப்பேர் செய்ய வாறவர் இந்த ரெண்டில ஒண்டைச் சொன்னாலும் ஓவனைக் குடுக்காதேங்கோ. பின் மூடியை நீங்களும் கழட்ட வேண்டாம்.

அந்த அக்காவுக்கு பிளக்கும் பேஸும் புதுசாப் போட்டுக் குடுத்தன். அரை மணித்தியாலம் ஓவன் ஓடின பிறகு சுவிட்சை ஓஃப் பண்ணிட்டு பிளக்கில கை வச்சுப் பாக்கச் சொன்னன், இளஞ்சூடெண்டா பரவாயில்ல, கை வைக்க ஏலாத சூடெண்டா திரும்பப் போடக்கூடாது.