10 தேனீப் பெட்டிகள், 80 விழுக்காடு மானியம்: தேன் இயக்கத்தில் சேரும் முன்

"தேனீப் பெட்டி சும்மா குடுக்காங்களாமே, எங்க எழுதிக் குடுக்கணும்?" என்று கேட்பவர்கள் நிறைய. முதலில் அந்தச் 'சும்மா'வைத் தெளிவாக்கிவிடுகிறேன். முழுக்க இலவசம் இல்லை. மத்திய அரசின் கதர் கிராமத் தொழில் ஆணையம் 2017இல் தொடங்கிய 'ஹனி மிஷன்' என்னும் தேன் இயக்கத்தில், ஒரு பயனாளிக்கு 10 தேனீப் பெட்டிகளும் அவற்றுக்குள் உயிருள்ள தேனீக் கூட்டங்களும் கருவிகளும் தருகிறார்கள். செலவில் 80 விழுக்காட்டை ஆணையம் ஏற்கிறது. மீதி 20 விழுக்காடு நம் கைப்பணம். பெட்டி தருவதற்கு முன் பயிற்சியும் உண்டு. நாடு முழுவதும் இதுவரை சுமார் 20,000 பேருக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படிப் போயிருக்கின்றன.

தேனீ வளர்ப்பில் முன் அனுபவம் இல்லாதவர்களையும் மனதில் வைத்துப் போட்ட திட்டம் இது. கிராமத்து இளைஞர்கள், பெண்கள், சிறு விவசாயிகள், பழங்குடி மக்கள் ஆகியோருக்கு ஒரு பக்க வருமானம் வேண்டும் என்பதே நோக்கம். அதனால் "எனக்குத் தேனீயைப் பற்றி ஒன்றும் தெரியாதே" என்று ஒதுங்க வேண்டாம். ஆனால் பயிற்சியை ஒப்புக்கு உட்கார்ந்து எழுந்து வராதீர்கள். கூட்டத்தைச் சோதிப்பது, நோயையும் எதிரிகளையும் அடையாளம் காண்பது, தேன் எடுப்பது, மெழுகு சுத்தம் செய்வது, ஒவ்வொரு பருவத்திலும் கூட்டத்தைப் பராமரிப்பது எல்லாம் அந்தப் பாடத்தில் வருகின்றன. இவற்றில் கடைசியாகச் சொன்னதை மட்டும் கவனமாகக் கேட்டாலே பாதிக் கூட்டம் தப்பிவிடும்.

விண்ணப்பிக்கும் இடத்தில் ஒரு குழப்பம் உண்டு. ஆணையம் வேறு, வாரியம் வேறு. ஆணையம் மத்திய அரசுடையது. தமிழ்நாட்டில் அதன் மாநில அலுவலகம் சென்னையிலும் மண்டல அலுவலகம் மதுரையிலும் இருக்கின்றன. நம் ஊர்களில் கதர்க்கடை நடத்துகிற கதர் கிராமத் தொழில் வாரியம் மாநில அரசுடையது. தேன் இயக்கத்துக்கு மனு கொடுக்க வேண்டியது ஆணையத்திடம். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், இருந்தால் சாதிச் சான்றிதழ் இவற்றின் நகல்களை எடுத்துக்கொண்டு போங்கள். இந்த ஆண்டுக்கு உங்கள் மாவட்டத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே இடம் கிடைக்காவிட்டால் தோட்டக்கலைத் துறைப் பக்கம் இன்னொரு வழி இருக்கிறது. ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014 வழிகாட்டுதலில், ஒரு கூட்டத்துக்கு 2,000 ரூபாய், ஒரு பெட்டிக்கு 2,000 ரூபாய், கருவித் தொகுப்புக்கு 20,000 ரூபாய் என்று கணக்கிட்டு, அதில் 40 விழுக்காட்டை மானியமாகத் தந்தார்கள். ஒருவருக்கு 50 கூட்டங்கள்வரை அனுமதி. 10 கூட்டமும் பெட்டியும் ஒரு கருவித் தொகுப்பும் வாங்கினால் கணக்கு 60,000 ரூபாய், மானியம் 24,000. பின்னால் விலை அளவுகளைத் திருத்திவிட்டார்கள். இன்றைய தொகையை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 80க்கும் 40க்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால், தொடக்கக்காரர் முதலில் தட்ட வேண்டிய கதவு ஆணையம்தான் என்பது என் கருத்து.

இனி, மனுவைவிட முக்கியமான விஷயம். தையல் இயந்திரத்தை மானியத்தில் வாங்கி ஆறு மாதம் மூலையில் வைத்தாலும் அது அப்படியே இருக்கும். தேனீக் கூட்டம் அப்படி இருக்காது. அதற்கு வாங்கிய நாளிலிருந்தே பூ வேண்டும், தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும். நம் பக்கத்து இந்தியத் தேனீ ரோசக்காரத் தேனீ. பசி வந்தாலோ, எறும்பு ஏறினாலோ, அடையில் மெழுகு அந்துப்பூச்சி நுழைந்தாலோ கூட்டத்தோடு பெட்டியை விட்டுப் போய்விடும். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் வெறும் அடைதான் இருக்கும்.

ஆகவே ஆணையத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பெட்டி எந்த மாதத்தில் கைக்கு வரும்?" கன்னியாகுமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே தேன் காலத்தை நடத்துவது ரப்பர் மரம். இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். அது பூவில் ஊறும் தேனல்ல, இலைக்காம்பில் ஊறுவது. பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை தேனீக்கள் அதைத்தான் அள்ளிக்கொண்டு வருகின்றன. மழைக்காலம் வந்துவிட்டால் பஞ்சம். தேன் காலத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கூட்டம் கைக்கு வந்தால், அது பெருகி, கூட்டத்தைப் பிரித்து, தேனும் எடுக்கலாம். ஜூனில் வந்தால் முதல் வேலையே சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்றுவதுதான். சர்க்கரையும் தண்ணீரும் சம பங்கு. வேறு மாவட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊரில் முருங்கை, கொத்தமல்லி, எள், சூரியகாந்தி எப்போது பூக்கின்றன என்று ஒரு தாளில் மாதவாரியாக எழுதிக்கொண்டு, அதற்கு ஏற்ற தேதியைக் கேளுங்கள். தென்னை பக்கத்தில் இருந்தால் மகரந்தத்துக்குக் கவலை குறைவு.

அடுத்தது, வாங்கும் நாளில் செய்ய வேண்டியது. எங்கள் ஊரில் ஓர் அக்காவுக்கு 10 பெட்டிகள் வந்து இறங்கின. கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டி போய்விட்டது. பத்து நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். "நாலு பெட்டியில ஈ கொறஞ்சிட்டே வருது தம்பி." பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் மரச்சட்டம் ஒன்றைத் தூக்கி, வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து, அடையின் கண்ணறைகளுக்குள் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பார்த்தேன். கண்ணறைகளின் அடியில் ஒன்றுமே இல்லை. பக்கத்துப் பெட்டியில் அதே மாதிரி பார்த்தபோது, ஒவ்வொரு கண்ணறையின் அடியிலும் ரவையை நீட்டி நிறுத்தியதுபோல ஒரு வெள்ளை முட்டை. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இதைப் பாக்கணும்னு யாரும் சொல்லலியே" என்றார்.

முட்டை மூன்றே நாளில் பொரிந்துவிடும். முட்டை கண்ணில் பட்டால், கடந்த மூன்று நாளுக்குள் ராணி அங்கே உலாவியிருக்கிறாள் என்று அர்த்தம். ராணியையே தேடிக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம், முட்டை போதும். ஒரு கண்ணறையில் ஒரு முட்டைதான் இருக்க வேண்டும். இரண்டு மூன்று முட்டைகள், அதுவும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால், ராணி இல்லாமல் பணித் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிட்டன. அந்தப் பெட்டியை ஏற்காதீர்கள். முட்டையோடு புழுவும் மூடிய அடையும் மகரந்தமும் இருக்கின்றனவா, அடைகளைத் தேனீக்கள் நெருக்கமாக மூடிக்கொண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். 10 பெட்டியையும் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். கூடவே ஒரு பழைய தேனீக்காரரை அழைத்துச் செல்லுங்கள். நம் பங்குப் பணமும் அதில் இருக்கிறது, கேட்பதில் தப்பில்லை.

நோயையும் பார்க்க வேண்டும். 1991, 92ஆம் ஆண்டுகளில் 'தாய் சாக்புரூட்' என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பெரும்பாலான இந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்துவிட்டது. கன்னியாகுமரித் தேனீக்காரர்கள் அந்த அடியிலிருந்து எழவே பல ஆண்டுகள் ஆயின. இந்த நோய் வந்தால் கண்ணறையில் புழு மல்லாந்து, தலைப்பக்கம் மேலே தூக்கி நிற்கும். ஈர்க்குச்சியால் எடுத்தால் உள்ளே நீர் கட்டிய சிறு பை மாதிரி முழுசாக வரும். அப்படி ஒன்றைப் பார்த்தாலும் அந்தப் பெட்டியை மற்ற பெட்டிகளோடு ஒரே தோட்டத்தில் இறக்காதீர்கள்.

பெட்டிகளை இரவில் ஏற்றி, விடிவதற்குள் இறக்கிவிடுவது நல்லது. பெட்டியை வைக்கும் தாங்கியின் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. கிண்ணம் காயாமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு. பெட்டிக்குப் பெட்டி இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி, காலை வெயிலும் மதிய நிழலும் விழும் இடம். பக்கத்து வயல்காரரிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். பூச்சிமருந்து அடிக்கும் நாளைச் சொல்லச் சொல்லுங்கள், முடிந்தால் மாலையில் அடிக்கக் கேளுங்கள்.

10 கூட்டங்கள் கைக்கு வந்ததும் தேசியத் தேனீ வாரியத்தின் 'மதுக்ராந்தி' இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். 2021இல் தொடங்கிய தளம் அது. பின்னால் வேறு திட்டங்களுக்கு மனு போடும்போது இந்தப் பதிவு உதவும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறை நடத்தும் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கும் ஒரு நடை போய்வரலாம். ஆணையத்தின் பயிற்சி முடித்தவர்களுக்கும் அது பயன்படும்.

முதல் ஆண்டுத் தேனில் அவசரம் வேண்டாம். புழு அறையைத் தொடாமல், மேலே உள்ள தேன் அறையில் முக்கால் பங்கு கண்ணறைகள் மெழுகால் மூடிய பிறகு மட்டும் அடையை எடுத்துத் தேன் பிரிக்கும் கருவியில் போட்டுச் சுற்றுங்கள். மூடாத தேனில் ஈரம் அதிகம், புளித்துவிடும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எடுக்கும்போதும் மழைக்காலத்துக்கென்று ஒன்றிரண்டு அடைகளைக் கூட்டத்துக்கே விட்டுவிடுங்கள். எங்கள் ஊர் அக்கா அந்த ஆண்டு மிஞ்சிய ஆறு பெட்டிகளில் தேனே எடுக்கவில்லை. அடுத்த தளிர்க் காலத்தில் ஆறை ஒன்பதாகப் பிரித்தார்.