வெடக்கோழிக்கு முட்டைத் தீவனம் எப்போ மாத்தணும், எலும்புக்குள்ள நடக்குறது என்ன

ஒரு முட்டை ஓட்டோட எடை 5, 6 கிராம் இருக்கும், அதுல 2 கிராமுக்கு மேல கால்சியம் மட்டும். கோழியோட மொத்த எலும்புலயும் சேத்துப் பாத்தா இருக்குற கால்சியமே ஏறக்குறைய 20 கிராம் தான். அப்படின்னா ஒரு முட்டை போட்டா உடம்புல இருக்குறதுல பத்துல ஒரு பங்கு ஒரே நாள்ல வெளிய போயிடுது, நல்லா முட்டை வைக்கிற ரகமா இருந்தா நாளைக்கும் போகும், நாளான்னிக்கும் போகும். வெடக்கோழி முதல் முட்டை வைக்கிறதுக்கு முன்னாடி வர்ற ரெண்டு மூணு வாரத்துல என்ன தின்னுச்சுங்கறது ஏன் அவ்ளோ முக்கியம்னு இந்தக் கணக்கை வெச்சே புரிஞ்சுக்கலாம்.

"எத்தனையாவது வாரத்துல லேயர் தீவனம் (முட்டைக் கோழிக்கான தீவனம்) மாத்தணும்"னு தான் எல்லாரும் கேக்குறாங்க. வாரக் கணக்கு சொல்லலாம், ஆனா அது பாதி பதில் தான். பண்ணை லேயர் ரகங்கள் 18 வாரத்துலயே ஆரம்பிச்சுடும், மெதுவா வளர்ற ரகங்கள் 24 வாரம், அதுக்கு மேலயும் கூட எடுத்துக்கும். அதனால காலண்டரை விட கோழியைப் பாக்குறது நல்லது. கொண்டையும் தாடையும் பெருசாகி நல்லா செவக்கும், வால் பக்கம் கீழ ரெண்டு இடுப்பெலும்பும் விரிஞ்சு ரெண்டு விரல் நுழையுற அளவுக்கு இடைவெளி வரும், பக்கத்துல போய் கை வெச்சா ஓடாம அப்படியே பதுங்கி உக்காரும்.

இந்த மாற்றம் எல்லாத்துக்கும் பின்னாடி ஹார்மோன் இருக்கு. பகல் வெளிச்சம் நீளும்போது அந்த ஒளி மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குள்ள இருக்குற ஒளி உணரும் செல்களுக்கே போய்ச் சேருது (கோழிக்கு இதுக்கு கண்ணு கூட வேணாம்), அங்கருந்து சிக்னல் போய் சினைப்பை முழிச்சுக்குது. சினைப்பைலருந்து வர்ற ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைப் பெருசாக்கி மஞ்சக்கருவுக்கான புரதமும் கொழுப்பும் தயார் பண்ண வைக்குது, முட்டைக் குழாயை வளர வைக்குது. இன்னொரு வேலையும் செய்யுது, அதுதான் இதுல பெரிய விஷயம். தொடை எலும்பு, கால் எலும்பு இதுக்கெல்லாம் உள்ள மஜ்ஜை இருக்குற காலி இடத்துல புதுசா ஒரு எலும்பு வளர ஆரம்பிக்குது. இதுக்குப் பேரு மெடுல்லரி எலும்பு. உடம்பைத் தாங்குற வேலை இதுக்குக் கிடையாது, ஓட்டுக்குத் தேவையான கால்சியத்தை வெச்சிருந்து கேக்கும்போது வேகமா குடுக்குறது தான் வேலை. முதல் முட்டைக்கு 10லருந்து 14 நாள் முன்னாடி இது உருவாகத் தொடங்கும். பறவைகளோட பழங்கால உறவான டைனோசர்லயும் இது இருந்திருக்கு, 2005ல மேரி ஷ்வைட்சர் குழு ஒரு டி.ரெக்ஸ் தொடை எலும்புல இதே மாதிரி திசு இருக்கறதா அறிவிச்சாங்க, அதை வெச்சு தான் அது முட்டையிடுற பருவத்துல இருந்த பெண்ணுன்னு சொன்னாங்க.

சரி, இந்த எலும்பு எதுக்கு? முட்டை உருவாக மொத்தம் 24, 25 மணி நேரம் ஆகும், அதுல ஓடு படியறதுக்கு மட்டும் 18 மணி நேரத்துக்கு மேல போயிடும், அதுவும் பெரும்பாலும் ராத்திரில. ராத்திரி கோழி தின்னாது. அப்போ குடல்ல மிச்சம் இருக்குற கால்சியம் தீந்ததும் மெடுல்லரி எலும்பு கரைஞ்சு ரத்தத்துல கலந்து ஓட்டுக்குப் போகுது, மறுநாள் தீவனத்துலருந்து திரும்ப நிரம்புது. நிரம்பலைன்னா உடம்பைத் தாங்குற எலும்பும் சேந்து கரையும். முட்டையிடுற காலம் முழுக்க தாங்குற எலும்பு புதுசா வளர்றது கிட்டத்தட்ட நின்னுபோயிடும், அதனால அங்க போன நஷ்டம் திரும்ப வர்றதில்ல, பல மாசம் கழிச்சு கால் தளர்ந்து உக்காந்துடுற கோழிகள்ல பலதுக்கும் காரணம் இதுவா இருக்கும்.

அப்போ சின்ன வயசுலருந்தே கால்சியத்தை நிறையக் குடுத்துடலாமேன்னு தோணும். தயவுசெஞ்சு செய்யாதீங்க. முட்டைக்கு முன்னாடி வளர்ற கோழிக்குப் போடுற வளர் தீவனத்துல கால்சியம் 1 சதவீதம் தான் இருக்கும், லேயர் தீவனத்துல 3.5லருந்து 4 சதவீதம் வரை. ஓடு செய்யத் தொடங்காத உடம்புக்கு அவ்ளோ கால்சியத்தை வெச்சுக்க இடமில்ல, எல்லாத்தையும் சிறுநீரகம் தான் வெளிய தள்ளணும், அதுல சிறுநீரகம் கெட்டு சிறுநீர்க் குழாய்ல கல் அடைச்சு, யூரிக் அமிலம் உள்ளுறுப்பு மேல வெள்ளையா படிஞ்சு கோழி செத்துப்போகும். பாதிப்பு உடனே தெரியாது, முட்டை நல்லா வைக்கிற நேரத்துல தான் வெளிய வரும், அப்போ யாரும் 10ஆவது வாரத்துல போட்ட தீவனத்தைக் காரணமா நினைக்க மாட்டாங்க.

தாமதமா மாத்தினா என்ன ஆகும்னும் கணக்குப் பாருங்க. ஒரு நாளைக்கு 80 கிராம் வளர் தீவனம் தின்னா உள்ள போற கால்சியம் 0.8 கிராம், பாதி தான் உடம்புல ஒட்டும். ஓட்டுக்கு வேணும் 2 கிராம். 110 கிராம் லேயர் தீவனம் தின்னா ஏறக்குறைய 4 கிராம் போகும், பாதி ஒட்டினாலும் ஓடு ஆயிடும்.

அதனால தான் நடுவுல ப்ரீ-லே தீவனம்னு ஒண்ணு இருக்கு, கால்சியம் 2லருந்து 2.5 சதவீதம். முட்டை எதிர்பாக்குறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆரம்பிச்சு, முதல் முட்டைகள் வந்ததும் லேயருக்கு மாத்திடணும், அதுக்கு மேல இழுக்காதீங்க, ஏன்னா தினம் முட்டை வைக்கிற கோழிக்கு 2 சதவீதம் பத்தாது. ப்ரீ-லே கிடைக்கலன்னா வளர் தீவனத்தோட தனிக் கிண்ணத்துல கிளிஞ்சல் குருணை வெச்சுடுங்க. என்னைக் கேட்டா சின்னக் கூட்டத்துக்கு இதுதான் சிறந்த வழி, ஏன்னா ஒரே வயசுக் கோழிகளும் ஒரே நாள்ல ஆரம்பிக்காது, கால்சியம் தேவைப்படுற கோழி தானா தேடிப் போய் தின்னும், குறிப்பா சாயங்காலம்.

குருணையா இருக்கணும்னு சொல்றதுக்கும் காரணம் இருக்கு. மாவா இருக்குற சுண்ணாம்பு சீக்கிரம் கரைஞ்சு போயிடும், 2லருந்து 4 மில்லிமீட்டர் துண்டு அரவைப்பைல (தீனியை அரைக்கிற வயிறு) தங்கி ராத்திரி முழுக்க கொஞ்சம் கொஞ்சமா கரையும், சரியா ஓடு படியற நேரத்துல. அந்தப் பைல தானியம் அரைபட வைக்கிற கருங்கல் குருணை வேற, அது கரையாது, அதுல கால்சியமும் வராது. வைட்டமின் டி3 இல்லாம குடல் கால்சியத்தைச் சரியா இழுக்காது, பாஸ்பரஸும் அளவா இருக்கணும்.

கால்சியத்தைப் பத்தியே பேசிட்டு புரதத்தை விட்டுடக் கூடாது. இந்த வயசுல கோழி இன்னும் வளருது, கூடவே முட்டையும் வைக்கணும், ஆனா தீனி எடுக்குறது குறைவு. அதனால 16லருந்து 18 சதவீதம் புரதம், அதுலயும் லைசின், மெத்தியோனின்ங்கற அமினோ அமிலங்கள் போதுமான அளவு வேணும். ஆசையா அள்ளிப் போடுற வெறும் தானியம் வயித்தை நிரப்பிடும், கலப்புத் தீவனத்துல இருக்குற மத்த சத்தெல்லாம் குறைஞ்சு போயிடும், கல்லீரல்ல கொழுப்பும் சேரும். எடை வராத கோழிக்கு செயற்கை வெளிச்சம் போட்டு சீக்கிரம் முட்டை வாங்கப் பாக்குறதும் தப்பு, முட்டை சின்னதா வரும், முட்டைக் குழாய் வெளித்தள்ளுற ஆபத்தும் உண்டு.

முதல் சில நாள் தோல் முட்டை (கெட்டி ஓடு இல்லாதது), ரெட்டைக் கரு, புறா முட்டை அளவுல ஒண்ணு, இப்படியெல்லாம் வந்தா பயப்படாதீங்க, சினைப்பையும் முட்டைக் குழாயும் இன்னும் ஒரு ஒழுங்குக்கு வரல, அவ்ளோதான். வாரக் கணக்குல தொடர்ந்து தோல் முட்டையே வந்தா தான் தீவனத்தைச் சந்தேகப்படணும். தண்ணியையும் பாத்துக்கோங்க, தின்னுற தீவனத்தைப் போல ரெண்டு மடங்கு எடைக்குக் குடிக்கும், ஒரு நாள் தண்ணி நின்னா அடுத்த சில நாள் முட்டை குறையும். சேவலும் அதே கூட்டத்துல இருந்தா அதுக்கு லேயர் தீவனம் தேவையே இல்ல, அங்கயும் கால்சியம் குறைஞ்ச தீவனத்தை எல்லாத்துக்கும் பொதுவா போட்டுட்டு கிளிஞ்சலைத் தனியா வெக்கிறது தான் சரியா வரும்.