டைம்அவுட் ஆனது உங்கள் டிரைவருக்குத்தான், டிஎம்ஏவுக்கு இல்லை

டிஎம்ஏ (சிபியு தலையிடாமல் சாதனமே மெமரியில் நேரடியாகப் படிப்பது, எழுதுவது) டிரைவர் எழுத வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: வேலை முடிந்ததைச் சாதனமே சிபியுவைக் கூப்பிட்டுச் சொல்ல இன்டரப்ட் வைப்பதா, முடிந்ததா என்று நாமே திரும்பத் திரும்பப் பார்க்கும் போலிங் பண்ணுவதா? பதில் அவ்வளவு கஷ்டமில்லை. பரிமாற்றம் சில மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும் என்றால், இன்டரப்ட் வந்து, ஹேண்ட்லர் ஓடி, தூங்கும் திரெட்டை எழுப்பி, ஷெட்யூலர் அதற்கு சிபியு கொடுப்பதற்குள் ஆகிற நேரமே பரிமாற்ற நேரத்தைத் தாண்டிவிடும். அங்கே போலிங் ஜெயிக்கும். மில்லிசெகண்ட் கணக்கில் ஓடும் என்றால் ஒரு கோரைச் சும்மா சுற்றவிடுவது வீண், இன்டரப்ட் வையுங்கள். நடுவில் இருந்தால் அளந்து பாருங்கள். லினக்ஸின் டிஎம்ஏடெஸ்ட் மாட்யூலில் போலிங்காக ஓட்டிப் பார்க்க ஒரு பாராமீட்டரே இருக்கிறது.

நான் ரிவ்யூ செய்யும் டிரைவர்கள் சறுக்குவது இந்தத் தேர்வில் இல்லை. வேலை முடிந்தது என்பதை எதை வைத்து நம்புகிறோம், முடியவில்லை என்றால் என்ன செய்கிறோம், இந்த இரண்டில்தான்.

இன்டரப்ட் வந்தது என்றால் போய்ப் பார் என்று அர்த்தம், அவ்வளவுதான். பழைய பின் வகை பிசிஐ இன்டரப்ட், தரவு மெமரிக்கு வந்து சேரும் முன்பே சிபியுவை எட்டிவிடலாம். அதனால் முதலில் சாதனத்தின் ரெஜிஸ்டர் ஒன்றைப் படியுங்கள், அந்தப் பதில் தனக்கு முன்னால் கிளம்பிய தரவை எல்லாம் தள்ளிக்கொண்டுதான் வந்து சேரும். எம்எஸ்ஐ வகையில் இன்டரப்டே ஒரு மெமரி ரைட் என்பதால் வழக்கமாக அது தரவுக்குப் பின்னால்தான் வரும். சரி, எதிர்த்திசையில்? ஸ்டேட்டஸை கிளியர் செய்ய நீங்கள் எழுதும் ரைட் உடனே சாதனத்தைச் சேராது, அது போய்ச் சேரும் முன் ஹேண்ட்லர் முடிந்துவிட்டால் அதே இன்டரப்ட் லைன் திரும்ப ஒரு முறை கூப்பிடும். எழுதியதைத் திரும்பப் படித்தால் தீரும். இதற்குப் பதில் சிலர் எது வந்தாலும் கையாண்டுவிட்டேன் என்று ஹேண்ட்லரில் பதில் சொல்லிவிடுகிறார்கள், அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 1 லட்சம் இன்டரப்டில் 99,900க்கு மேல் யாரும் என்னுடையது என்று சொல்லாவிட்டால், கெர்னல் ‘நோபடி கேர்ட்’ என்று லாகில் எழுதிவிட்டு அந்த லைனையே மூடிவிடும். அந்தப் பாதுகாப்பை நீங்களே கழற்றிவிட்டால், ஒரு இன்டரப்ட் புயல் வந்தால் மொத்த மெஷினும் உறைந்து நிற்கும்.

இரண்டையும் கலந்து செய்பவர்களுக்கு இன்னொரு குழி. வேலை குவியும்போது இன்டரப்டை அணைத்துவிட்டுப் போலிங் செய்வது நல்ல வழிதான், நெட்வொர்க் டிரைவர்களின் நேப்பி அதைத்தான் செய்கிறது. ஆனால் கடைசியாகப் பார்த்ததற்கும் இன்டரப்டைத் திரும்பப் போட்டதற்கும் நடுவில் ஒரு பரிமாற்றம் முடிந்துவிட்டால், பல சாதனங்களில் அதற்கு இன்டரப்டே வராது. போட்டபின் இன்னொரு முறை பாருங்கள். ஒரே ஒரு வரி. அது இல்லாத டிரைவர் லோட் குறையும்போதுதான் தொங்கும், அதனால் சோதனையில் மாட்டவே மாட்டாது.

போலிங்கில், சாதன ரெஜிஸ்டரைப் பிசிஐஇ வழியாகத் திரும்பத் திரும்பப் படிப்பது ரொம்ப மோசமான வழி, ஒவ்வொரு முறையும் பதில் வரும்வரை சிபியு காத்துக் கிடக்கும். முடிந்த நிலையைச் சாதனமே மெமரியில் எழுதித் தருமானால் அதைப் பாருங்கள், இன்டெலின் ஐஓஏடி எஞ்சின் அப்படித்தான் தருகிறது. அந்த நிலையைப் பார்த்தபின், தரவைத் தொடும் முன், ஒரு ரீட் பேரியர் (படிக்கும் வரிசையை சிபியு மாற்றாமல் தடுக்கும் கட்டளை) அவசியம். எக்ஸ்86 மெஷினில் அது இல்லாமலும் ஓடும், ஆர்மில் என்றைக்கோ ஒரு நாள் பழைய தரவு கையில் வரும். சாதனம் பஸ்ஸிலிருந்து காணாமல் போனால் ரெஜிஸ்டரில் எல்லா பிட்டும் 1 ஆகத் தெரியும் என்பதையும் மறக்கவேண்டாம்: பிஸி பிட் 0 ஆகட்டும் என்று காத்திருந்தால் லூப் முடியவே முடியாது, டன் பிட் 1 ஆகட்டும் என்று காத்திருந்தால் நடக்காத வேலை வெற்றியாகிவிடும். அப்புறம், கையால் எழுதிய லூப்களில் கெடு தாண்டியதும் நேராகத் தோல்வி என்று திரும்பிவிடுகிறார்கள். உங்கள் திரெட்டையே ஷெட்யூலர் தள்ளி வைத்திருக்கலாம் அல்லவா? கெர்னலின் ஐஓபோல் மேக்ரோக்கள் கெடு தாண்டியபின்னும் கடைசியாக ஒரு முறை படித்துவிட்டுத்தான் முடிவு சொல்லும், அதையே பயன்படுத்துங்கள்.

இனி டைம்அவுட். இன்டரப்டோ போலிங்கோ, இந்த இடத்தில் எல்லா டிரைவரும் ஒரே மாதிரி இருக்கின்றன: ஒரு விநாடி காத்திருந்தோம், வரவில்லை, மேப்பிங்கை (சாதனம் பஃபரை எட்டுவதற்கான முகவரி ஏற்பாடு) எடு, பஃபரை ஃப்ரீ செய், எர்ரரைத் திருப்பு. ஹார்டுவேரிடம் யார் சொன்னார்கள்? அது இன்னும் அந்த முகவரியில் எழுதத் தயாராக நிற்கிறது. அந்தப் பக்கம் அடுத்த நொடியில் ஃபைல் சிஸ்டத்துக்கோ வேறொரு புராசஸுக்கோ போய்விடும், டிஎம்ஏ தாமதமாக வந்து அதன் மேல் எழுதும், கெர்னல் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும், பழி ஃபைல் சிஸ்டத்தின் மேல். வேலை முடிந்ததைத் தெரிவிக்கும் கம்ப்ளீஷன் அமைப்பை ஸ்டாக்கில் வைத்திருந்தால் இன்னும் கெட்டது, ஏனென்றால் தாமதமாக வரும் கால்பேக் செத்துப்போன ஸ்டாக்கில் கை வைக்கும்.

முதலில் டிஎம்ஏ சேனலை நிறுத்துங்கள். லினக்ஸின் டிஎம்ஏ கட்டமைப்பான டிஎம்ஏஎஞ்சினில் டெர்மினேட் சிங்க் என்று இருக்கும் அழைப்பு பரிமாற்றத்தை நிறுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் கால்பேக்குகளும் முடியும்வரை நின்று திரும்பும். அதற்குப் பிறகுதான் மேப்பிங்கும் பஃபரும். அது தூங்கக்கூடியது, அதனால் அட்டாமிக் (தூங்கவே கூடாத) நிலையிலோ கால்பேக்குக்கு உள்ளிருந்தோ கூப்பிட முடியாது, அங்கே அசிங்க் வடிவத்தைக் கூப்பிட்டுவிட்டு சிங்க்ரனைஸைப் பின்னால் வேறு இடத்தில் செய்யவேண்டும். நிறுத்தவே முடியாத ஹார்டுவேர் என்றால் ரீசெட். ரீசெட்டும் எடுபடாவிட்டால் பஃபரை அப்படியே விட்டுவிடுங்கள், மெமரி லீக் ஆனால் ஆகட்டும். அடுத்தவர் மெமரி கெடுவதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி, ரிவ்யூவில் யாராவது லீக் என்று சண்டைக்கு வந்தால் காரணத்தைக் கமெண்டில் எழுதி வையுங்கள்.

இதைச் சோதிக்க கெர்னலின் மெமரிப் பிழை கண்டுபிடிப்பானான கேசானை நம்பவேண்டாம், அது சிபியு தொடுவதை மட்டும் பார்க்கும், சாதனம் எழுதுவது அதன் கண்ணில் படாது. ஐஓஎம்எம்யுவை (சாதனம் எந்த மெமரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஹார்டுவேர்) ஸ்டிரிக்ட் முறையில், அதாவது மேப்பிங்கை எடுத்ததுமே அனுமதியும் போகும்படி, பூட் செய்து, டைம்அவுட்டைப் பரிமாற்ற நேரத்தைவிடக் குறைவாக வைத்து, லோட் கொடுத்து ஓட்டுங்கள். மேப்பிங் எடுத்தபின் எழுத வரும் டிஎம்ஏ, ஃபால்ட்டாகி, சாதனத்தின் அடையாளத்தோடும் முகவரியோடும் லாகில் வந்து நிற்கும்.