‘தமிழ்’ மூன்றெழுத்துதான், ஆனால் உங்கள் நிரலுக்கு அது தெரியாது

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கு மாணவர் அடையாள அட்டை அச்சிடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பிஎச்பி என்ற நிரல்மொழியில்தான். பெயர் அட்டையை விட்டு வெளியே ஓடிவிடக் கூடாதே என்று, 20 எழுத்தைத் தாண்டினால் வெட்டிவிடும்படி ஒரு வரி சேர்த்திருந்தேன். ஆங்கிலப் பெயர்களைப் போட்டுச் சோதித்தேன், ஒழுங்காக வந்தது. தமிழில் அச்சிட்ட முதல் நாளே பள்ளி அலுவலகத்திலிருந்து அக்கா ஒருவர் கூப்பிட்டார். “தம்பி, முத்துலட்சுமின்னு ஒரு பிள்ளை. அட்டையில முத்துன்னு மட்டும் விழுந்திருக்கு. பக்கத்துல கறுப்பா ஒரு கட்டம், உள்ள கேள்விக்குறி. பிள்ளை அட்டையை வாங்க மாட்டேங்குது.”

முத்துலட்சுமி என்பதில் நம் கணக்குக்கு 7 எழுத்து. 20-ஐத் தொடக்கூட இல்லையே, பிறகு ஏன் வெட்டியது?

பிஎச்பியில் சரம் (ஸ்ட்ரிங்), அதாவது நிரல் கையாளும் உரை, எழுத்துகளின் வரிசை அல்ல, பைட்டுகளின் வரிசை. ‘ஸ்டர்லென்’ எண்ணுவது பைட்டை, ‘சப்ஸ்டர்’ வெட்டுவதும் பைட்டை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால் அங்கே வித்தியாசமே தெரியாது. உரையைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துகளும் குறிகளும் ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். அதோடு எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ‘மு’ என்பது ஒன்றல்ல, இரண்டு: ம தனி, உகரக் குறி தனி. ‘த்’ என்றால் த ஒன்று, புள்ளி ஒன்று. இந்த ஒவ்வொரு துண்டையும் கோட் பாயின்ட் என்கிறார்கள்.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வல்லினம் ஒன்று, மெல்லினம் ஒன்று, இடையினம் ஒன்று என்று பள்ளியில் படித்த அதே மூன்றெழுத்து. ஸ்டர்லென்னிடம் கேட்டால் 15 என்கிறது. ‘எம்பி_ஸ்டர்லென்’ 5 என்கிறது, ஏனென்றால் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று கோட் பாயின்ட்டை எண்ணுகிறது. ‘கிராஃபீம்_ஸ்டர்லென்’ மட்டும்தான் 3 என்கிறது, ஏனென்றால் எழுத்தையும் அதன் குறியையும் சேர்த்து ஒன்றாக அது எண்ணுகிறது. அந்த ஒன்றுக்குப் பெயர்தான் கிராஃபீம்.

முத்துலட்சுமியில் 13 கோட் பாயின்ட், ஆக 39 பைட். 20-ல் வெட்டினால் 6 கோட் பாயின்ட் முழுதாக வரும், அதுதான் ‘முத்து’. மிச்சமுள்ள 2 பைட், ‘ல’வின் மூன்று பைட்டில் முதல் இரண்டு. தனியாக நின்றால் அதற்குப் பொருளே இல்லை. உலாவி அதைப் படிக்க முடியாமல் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டத்தைக் காட்டிவிட்டது.

உலகத்து மொழிகளையெல்லாம் பிஎச்பிக்குள் நேரடியாகக் கொண்டுவரும் முயற்சி நடக்காமல் இல்லை. பிஎச்பி 6 அதற்காகவே திட்டமிடப்பட்டது. 2010-ல் அதைக் கைவிட்டார்கள், 2015-ல் நேராக 7 வந்தது. அதனால் இன்றைக்கும் சரம் என்றால் பைட்தான். நாம்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அன்றே சப்ஸ்டரை எடுத்துவிட்டு, கோட் பாயின்ட் கணக்கில் வெட்டும் எம்பி_சப்ஸ்டர் போட்டேன், அட்டையின் அகலத்தைப் பார்த்து அளவை 12 ஆக்கினேன். கறுப்புக் கட்டம் போய்விட்டது. இந்த முறை வந்தது ‘முத்துலட்சும’. கடைசி இகரக் குறி மட்டும் விழவில்லை.

இதை நான் முதல் தவறைவிட மோசம் என்பேன். கறுப்புக் கட்டம் வந்தால் கணினியில் ஏதோ கோளாறு என்று யாருக்கும் புரியும். ‘முத்துலட்சும’ என்று வந்தால் தட்டச்சு செய்தவர் தப்பு என்றுதான் நினைப்பார்கள். அந்த அக்காவை இரண்டு பெற்றோர் திட்டியிருக்கிறார்கள், அவர் தட்டச்சில் ஒரு பிழையும் இல்லை. ‘பால்’ ‘பால’ ஆவதும், ‘முருகன்’ ‘முருகன’ ஆவதும் இதே வெட்டுதான். தமிழ்த் தளங்களில் செய்தித் தலைப்பு புள்ளி இல்லாமல் முடிவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் இதுதான் காரணம்.

எழுத்தை உடைக்காமல் வெட்ட வேண்டுமென்றால் ‘கிராஃபீம்_சப்ஸ்டர்’ வேண்டும். அது ‘இன்டல்’ என்ற நீட்சியில் இருக்கிறது. சில ஹோஸ்டிங்குகளில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டிலும் ‘லெங்த்’ (நீளம்) என்று கேட்டால் ‘தமிழ்’ 5 என்றுதான் வரும். அங்கே ‘இன்டல் செக்மென்டர்’ இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2024-ல் அதைச் சேர்த்த பிறகு முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. திரையில் இடம் போதவில்லை என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் நிரலில் வெட்டவே வேண்டாம், பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் விட்டுவிடுங்கள். சேமித்த பெயர் முழுதாக இருக்கும்.

உடைந்த பைட் திரையோடு நிற்பதில்லை. இன்னொரு வேலையில், கைபேசிச் செயலிக்குச் செய்திகளின் முதல் 100 பைட்டை முன்னோட்டமாக வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சில நாள் பட்டியல் மொத்தமும் வெறுமையாக வரும், சில நாள் நன்றாக இருக்கும். பார்த்தால், யூடிஎஃப்-8 உடைந்த ஒரு சரம் உள்ளே இருந்தாலும் பட்டியலைச் செயலிக்கு அனுப்பும் வடிவத்துக்கு மாற்றும் ‘ஜேசன்_என்கோட்’ முழுப் பட்டியலுக்குமே ‘ஃபால்ஸ்’ திருப்பிவிடும். பிழைச் செய்தி எதுவும் கண்ணில் படாது, நாம் கேட்டால்தான் சொல்லும். ஒரு செய்தியில் வெட்டு தப்பான இடத்தில் விழுந்ததால் மற்ற 39 செய்தியும் காணாமல் போயிருந்தன.

அப்புறம் இனிஷியல். இதில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் இது ஒருவருடைய அடையாளம். அப்பா பெயர் கோவிந்தன் என்றால் இனிஷியல் ‘கோ.’ தானே? சரத்தின் முதல் உறுப்பை எடு என்று ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் கிடைப்பது ‘க’. செல்லையாவின் மகன் ‘செ. முருகன்’, நிரலுக்கு அவன் ‘ச. முருகன்’. சான்றிதழில் ஒன்று, விண்ணப்பத்தில் ஒன்று என்று ஆகிவிட்டால் அதைத் திருத்த அலைவது அந்தப் பையன்தான், நாம் இல்லை.

இதைவிட வருத்தமானது, பெயரையே ஏற்க மறுக்கும் படிவங்கள். ஏ முதல் இசட் வரை மட்டும் என்று எழுதி வைப்பவர்களை விடுங்கள். எல்லா மொழியும் வரட்டும் என்று நல்ல எண்ணத்தோடு, தட்டியதைச் சரிபார்க்கும் ரெகெக்ஸ் விதியில் ‘லெட்டர்’ என்ற யூனிகோடு வகையைப் போடுபவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். யூனிகோடில் க, ண, ன எல்லாம் லெட்டர். புள்ளியும் காலும் கொம்பும் ‘மார்க்’ என்ற வேறு வகை. ஆக ‘கண்ணன்’ என்று தட்டினால் முதல் புள்ளியிலேயே நிரல் நின்றுவிடுகிறது. ‘பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்’ என்று சிவப்பில் வருகிறது. தன் பெயரைத் தன் மொழியில் ஒழுங்காக எழுதியவரிடம் அப்படிச் சொல்கிறோம். புள்ளியோ குறியோ இல்லாத பெயர் மட்டுமே அந்தப் படிவத்தில் தேறும், அப்படி ஒன்றை யோசித்துப் பாருங்கள். லெட்டரோடு மார்க்கையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. இனிஷியலுக்குப் பின்னால் வரும் முற்றுப்புள்ளியையும் இடைவெளியையும் அனுமதியுங்கள். பிஎச்பியில் ரெகெக்ஸின் முடிவில் ‘யு’ கொடியை மறந்தால் மறுபடி பைட் கணக்குக்குப் போய்விடும்.

தேடலில் வேறு சிக்கல். ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: க-வோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, நிரலுக்கு வேறு வேறு சரம். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய ஆவணங்களில் இரண்டாவது வகையை நிறையப் பார்க்கிறேன். ‘கொடைக்கானல்’ என்று தேடினால் இருக்கிற பதிவே வராது. சேமிக்கும்போதும் தேடும்போதும் ‘நார்மலைசர்’ வழியாக அனுப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ‘நார்மலைஸ்’ அதே வேலையைச் செய்யும். ஆனால் ‘கௌசல்யா’வை ‘ள’ என்ற உயிர்மெய்யெழுத்தைப் போட்டு ‘கெளசல்யா’ என்று தட்டுகிறார்களே, அதை நார்மலைசர் தொடாது. அதன் கணக்கில் அது உண்மையாகவே வேறு எழுத்து. தேடலுக்கென்று தனியாக ஒரு விதி எழுதித்தான் சமாளிக்கிறேன்.

வரிசைப்படுத்தலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ‘சார்ட்’ யூனிகோடு எண்ணைப் பார்க்கும், அங்கே ன-வுக்குப் பிறகுதான் ப, ம எல்லாம். அதனால் அமுதாவுக்கு முன்னால் அன்பரசன் வந்து நிற்பார். தமிழ் மொழிக்குறியீட்டோடு ‘கொலேட்டர்’ பயன்படுத்தினால் அகராதி வரிசை கிடைக்கும்.

கிராஃபீம் மட்டும்தான் சரி, மற்றவை தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கோப்பின் அளவைக் கேட்டால் பைட்தான் சரி. தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 70, நீண்டதாக இருந்து பல துண்டாகப் போனால் துண்டுக்கு 67 என்பதில் எண்ணப்படுவது கோட் பாயின்ட், அங்கே எம்பி_ஸ்டர்லென் போடுங்கள். மைசீக்வல் தரவுத்தளத்தில் ஒரு புலத்துக்கு ‘வார்சார் 20’ என்று அளவு வைத்தால் அதுவும் கோட் பாயின்ட் கணக்குதான், பெயருக்கு அது போதவே போதாது. நான் 150-க்குக் குறைவாக வைப்பதில்லை. சரத்தைத் தொடும் ஒவ்வொரு வரியிலும், இங்கே எதை எண்ணுகிறேன் என்று ஒரு நொடி நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் எந்தப் படிவம் எழுதினாலும் ஐந்து பெயர்களைப் போட்டுப் பார்த்த பிறகே அனுப்புகிறேன்: முத்துலட்சுமி, கோ. கண்ணன், கௌசல்யா, லக்ஷ்மி, ஸ்ரீதேவி. கடைசி இரண்டில் கிராஃபீமும் கைவிடும். நாம் ஒரே எழுத்தாகப் பார்க்கிற க்ஷ அதற்கு இரண்டு, ஸ்ரீயும் இரண்டு. முதல் எழுத்தைக் கேட்டால் ஸ்ரீதேவிக்கு ‘ஸ்’ என்று தரும். இனிஷியல் எடுக்கும் இடத்தில் இந்த இரண்டையும் தனியாகச் சோதித்து முழுதாக எடுக்கிறேன், நான்கு வரிகூட ஆகாது.